பந்தல் போடுவதற்கு முதல்: வன்னி மரண உதவிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னி ஊர்களில் இயங்குகிற மரண உதவிச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்மாருக்கும், தண்டப் பணத்துக்குப் பயந்தாவது மாதக் கூட்டத்துக்கு வந்து குந்துகிற அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குளத்தை நம்பிச் சீவிக்கிற ஊரிலிருந்து எழுதுகிறேன். சைக்கிளில் தபால் கொண்டு திரிந்து ஓய்வுபெற்றவன். பதினொரு வருசமாக எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பொருளாளர். வைத்தியம் படித்தவன் இல்லை. ஆனால் சாவுக் கணக்கு எழுதுகிறவனுக்குச் சில விசயங்கள் மற்றவர்களுக்கு முந்திக் கண்ணில் படும். அதனால்தான் மாரடைப்பைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

எங்கள் கொப்பியில் ஒரு சாவுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், வயது, திகதி, என்னத்தால் மோசம் போனார் என்ற விபரம். கீழே சங்கம் பார்த்த செத்தவீட்டுச் செலவு: பெட்டி, பந்தல், கதிரை, பறை, தேயிலை, சீனி, பிஸ்கற், வெற்றிலை பாக்கு, சுருட்டு, சிகரெட். பழைய பக்கங்களில் வயது என்ற இடத்தில் கூடுதலாக எழுபதும் எண்பதும்தான் நிற்கும். பிறகு பிறகு ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, ஐம்பத்தைந்து என்று எழுதிக்கொண்டு வருகிறேன். காரணம் என்ற இடத்தில் 'மாரடைப்பு'. சில பக்கங்களில் 'திடீர் மாரடைப்பு'. அந்தத் 'திடீர்' என்ற சொல்லை எழுதியவன் நான்தான். இப்போது பேனையை எடுத்து அதை வெட்டவேண்டும் போல இருக்கிறது.

என்ரை தங்கச்சியின் மனிசன், எனக்கு மச்சான், வயது 49. காலபோக அறுவடை நேரம். வெட்டுகிற மெசின் வரிசைப்படி அன்றைக்கு அவரின் வயலுக்கு வரவேண்டிய நாள். விடிய ஆறு மணிக்கு நெஞ்சுக்குள் பாரம் வைத்து அமத்துகிற மாதிரி இருக்கென்றிருக்கிறார். தாடையும் உளைந்திருக்கிறது. தங்கச்சி இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். ஆள் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, ஏவறை வந்தால் சரியாகிவிடும், வாய்வுக் குத்துத்தான் என்று வயலுக்குப் போய்விட்டார். மெசினை விட்டால் பேந்து ஒரு கிழமை காத்திருக்கவேண்டும், மழை வேறு இருட்டிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு வரம்பில் குந்தியவர் எழும்பவில்லை. உடம்பெல்லாம் தெப்பமாக வேர்த்திருந்தது. இரண்டு பெடியள் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் இருந்தவன் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே இருந்தவர்கள் உடனே ஈசிஜி எடுத்தார்கள், செய்யவேண்டியதைச் செய்தார்கள், அம்புலன்சில் ஏற்றினார்கள். வழியில் முடிந்துவிட்டது. அந்த நாலு மணித்தியாலத்தை வரம்பில் கரைத்தது நாங்கள்தான். வேறு ஒருவரையும் நோக எனக்கு வாய் வராது.

செத்தவீட்டுக்குப் பிறகு மரணப் பதிவுக்காகக் கடதாசிகள் தேடினோம். தங்கச்சிக்குக் கிளினிக் கொப்பி இருந்தது. பிள்ளைகளுக்கு ஊசி போட்ட அட்டை இருந்தது. மாட்டுக்குக்கூட ஊசி போட்ட துண்டு இருந்தது. அவருக்கென்று ஒரு துண்டுக் கடதாசி இல்லை. 49 வருசத்தில் அந்த மனிசனின் கையில் ஒருவரும் பட்டி சுற்றிப் பிறசர் (இரத்த அழுத்தம்) பார்த்ததாகத் தெரியவில்லை. மூன்று கிழமைக்கு முந்தித்தான் எங்கள் கூட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து, போன மாதம் வராததற்குப் போட்ட 50 ரூபாய்த் தண்டத்துக்கு என்னோடு சண்டை பிடித்தவர். அந்த நேரத்தில் அவரை அளந்து பார்க்க இரண்டு நிமிசம் போதும்.

இந்த மடலில் நான் கேட்பது அவ்வளவுதான். மாதக் கூட்டத்தில், வரவு இடாப்பில் கையெழுத்து வைக்கிற மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போடுங்கள். அதில் ஒரு பிறசர் மெசின், ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி.

ஏன் சங்கம் என்று கேட்பீர்கள். இந்த வேலைக்கு அரசாங்கம் இல்லையா? இருக்கிறது. 2011 இலிருந்து நாடு முழுக்க ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நடக்கின்றன. வருத்தம் இல்லை என்று நினைக்கிற 35 வயது தாண்டிய ஆட்கள் போகவேண்டிய இடம் அது. காசு இல்லை. நிறை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிறசர், இரத்தத்தில் சீனி பார்த்து, புகைக்கிறவரா என்றும் கேட்டு, எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் வைத்து, வருகிற 10 வருசத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய ஆபத்து எவ்வளவென்று சொல்லுவார்கள். ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் வாங்கில் இருப்பது முழுக்கப் பெண்கள். இது எங்கள் ஊரில் மட்டும் இல்லை, இலங்கை முழுக்க இதுதான் கதை. ஆம்பிளையள் வராததற்கு ஞாயமும் இருக்கிறது. வார நாளில் காலையில் நடக்கிற கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. கமக்காரனுக்குத் தண்ணிமுறை போச்சு. அதோடு ஒரு பயம். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று என்னிடமே ஒருவர் சொன்னார்; சோதிச்சால்தான் வருத்தம் வரும் என்பது அவருடைய முடிவு. அவர் இப்போது என் கொப்பியில் ஒரு பக்கம்.

சங்கக் கூட்டத்துக்கு மட்டும் ஆம்பிளையள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை, தண்டம், செத்தால் நாலு பேர் வேண்டும் என்ற நினைப்பு, மூன்றும் சேர்ந்து இழுத்து வரும். கோயில் பொங்கலுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக வரமாட்டார்கள். வன்னியில் 35 இலிருந்து 65 வயது வரையான ஆம்பிளையளை மாதத்துக்கு ஒருக்கால் ஓரிடத்தில் இருத்தி வைக்கிற அமைப்பு மரண உதவிச் சங்கத்தை விட்டால் கமக்கார அமைப்புத்தான். கமக்கார அமைப்பில் உரமும் தண்ணியும் கதைத்து முடிக்கவே பொழுது படும்.

பிறசர் அளப்பது பெரிய வித்தை இல்லை. ஆனாலும் பிழையாக அளந்தால் வீண் பயமும் வரும், வீண் தைரியமும் வரும். எங்கள் ஊருக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தர் காட்டித் தந்தபடி செய்கிறோம். மணிக்கட்டில் கட்டுகிற மெசின் வேண்டாம், மேற்கையில் சுற்றுகிறதுதான் நம்பலாம். வந்த களையோடு அளக்கக்கூடாது. ஐந்து நிமிசம் முதுகு சாய்த்துச் சும்மா இருக்கவேண்டும். அதற்கு முதல் அரை மணித்தியாலம் தேத்தண்ணியும் சிகரெட்டும் கூடாது. கால் இரண்டும் நிலத்தில், கை மேசையில் நெஞ்சு மட்டத்தில், பட்டி சேட்டுக் கைக்கு மேலால் இல்லாமல் வெறுங் கையில். அளக்கும்போது கதை இல்லை. (எங்கள் ஆட்களுக்கு இதுதான் ஆகக் கஷ்டம்.) ஒரு நிமிசம் விட்டு இரண்டாம் தரம். 140/90 என்ற கோட்டைத் தாண்டினால் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுவோம். ஒரு நாள் அளவை வைத்து ஒருவருக்குப் பிறசர் என்று முத்திரை குத்த எங்களுக்கு உரிமை இல்லை; அது டொக்டரின் வேலை. 180/120 க்குப் பக்கத்தில் நின்றால் அன்றைக்கே ஆசுப்பத்திரி. அதோடு நெஞ்சுநோவோ, மூச்சு முட்டலோ, பேச்சுக் குழறலோ இருந்தால் அந்த நிமிசமே. இடுப்புச் சுற்றளவு எங்கள் தெற்காசிய ஆட்களில் ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80. அதைத் தாண்டினால் சீனியும் பார்க்கவேண்டும் என்று துண்டில் எழுதுகிறோம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. யாருடைய அளவையும் மைக்கில் வாசிக்காதீர்கள். முதல் மாதம் எங்கள் செயலாளர் பகிடிக்கு ஒருவரின் இடுப்பளவைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். ஆள் அடுத்த கூட்டத்துக்குத் தண்டம் கட்டினாரே தவிர வரவில்லை.

நெஞ்சுக்குள் நடக்கிறதைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கும் பிழை. வாய்க்காலில் வண்டல் படிகிற மாதிரிக் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, கடைசியில் ஒரு நாள் முழுக்க அடைபடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியென்றால் அடைபட முதல் பல மாதம் முன்னறிவிப்பு வரவேண்டும் அல்லவா? பலருக்கு வருவதில்லை. ஏனென்றால் குழாயின் உட்சுவரில் படிந்திருக்கிற கொழுப்புப் படை, பாதி வழியைக்கூட மறைக்காத படை, ஒரு நாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் கட்டிபட்டு நிமிசக் கணக்கில் வழியை மூடிவிடுகிறது. அணைக்கட்டில் ஒரு சின்ன வெடிப்பு இருந்து, ஆரும் பாராமல் விட்டு, ஒரு இரவில் உடைப்பெடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடின பிறசரும் சீனியும் புகையும் அந்தச் சுவரைப் பத்து இருபது வருசமாக அரிக்கிற நேரத்தில் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தலையிடி இல்லை, களைப்பு இல்லை, வயலில் மூட்டை தூக்குவார். நேற்று வரைக்கும் நல்லாய் நின்ற மனிசன் என்று நாங்கள் செத்தவீட்டில் சொல்லுகிறோமே, அந்த நல்லாய் என்பதற்குள்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது.

2004 இல் வெளிவந்த இன்ரர்ஹாட் என்ற ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்த ஆட்களையும் வராத ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ 90 வீதத்தை ஒன்பது விசயங்களுக்குள் அடக்கலாம் என்று கண்டார்கள்: புகைத்தல், இரத்தக் கொழுப்பு, பிறசர், சீனி, வயிற்றுச் சதை, மனச்சுமை, மரக்கறி பழம் சாப்பிடாதது, உடம்பு அசையாதது, மது குடிக்கிற அளவு. அதே ஆய்வின் தரவை வைத்து 2007 இல் இன்னொன்று சொன்னார்கள்: தெற்காசிய ஆட்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களை விட ஐந்தாறு வருசம் முந்தி, நடு வயது 53 இல் வருகிறது. என் கொப்பியில் வயது இறங்குவது எங்கள் ஊரின் சாபம் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இனிச் சங்கக்காரர் எங்களுடைய பங்கைச் சொல்லுகிறேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. மச்சானின் பக்கத்தில் காரணம் 'மாரடைப்பு' என்று எழுதிய அதே கையால், அதே பக்கத்தில், சுருட்டு, சிகரெட் என்று செலவும் எழுதினேன். சங்கக் காசு. இரவு முழிக்கிற பெடியளுக்கும், காட்ஸ் விளையாடுகிற ஆட்களுக்கும் தட்டில் வைத்து நீட்டியது. சிகரெட் பெட்டியின் 80 வீதத்தை மூடி, அழுகின வாயும் பழுதான நெஞ்சும் படமாகப் போடவேண்டும் என்று 2015 இல் இலங்கையில் சட்டம் வந்தது. நாங்கள் என்ன செய்கிறோம்? பெட்டியைப் பிரித்துத் தட்டில் கொட்டி வெற்றிலைக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுகிறோம். படம் போட்ட பெட்டி அடுப்படிக் குப்பைக்குள். பதினைந்து வயதுப் பெடியன் முதல் சிகரெட்டை எங்கே பற்ற வைக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஒரு செத்தவீட்டைச் சொல்லுவார்கள்.

தட்டிலிருந்து சிகரெட்டையும் சுருட்டையும் எடுப்போம் என்று பொதுக்கூட்டத்தில் நான் சொன்னபோது பெரிய சத்தம். "செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு மரியாதை இல்லையோ" என்றார்கள். மூன்று மாதம் இழுபட்டு, சங்கக் காசில் வாங்குவதில்லை, வீட்டுக்காரர் விரும்பினால் தங்கள் காசில் வைக்கலாம் என்று முடிவானது. முழு வெற்றி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்த செத்தவீடுகளில் ஒருவரும் தங்கள் காசில் வாங்கி வைக்கவில்லை. மரியாதை என்பது சங்கக் காசில் மட்டும்தான் போலிருக்கிறது. புகைப்பதை விட்ட ஆளுக்கு ஒரு வருசத்துக்குள் இருதய வருத்தத்தின் மேலதிக ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. 30 வருசம் புகைத்துவிட்டேன், இனி விட்டு என்ன என்று சொல்லுகிற அண்ணைமாருக்கு இந்த ஒரு விசயத்தைச் சொல்லுங்கள்.

குளிசை விசயத்தில் நானே குற்றவாளி. எனக்கு 52 வயதில் பிறசர் பிடிபட்டது. பிறசருக்கு லொசாட்டன் ஒன்று, கொழுப்புக்கு இரவில் அட்டோவாஸ்ரற்றின் ஒன்று. ஆறு மாதத்தில் அளவு நல்லாக இறங்கியது. சுகம் வந்துவிட்டது, இனி என்னத்துக்கு என்று நானாக விட்டேன். சுகம் வரவில்லை, குளிசைதான் அமத்தி வைத்திருந்தது என்பது நாலு மாதம் கழித்துக் கிளினிக்கில் தாதிப் பிள்ளை ஏசினபோதுதான் விளங்கியது. குளத்தின் துருசுக் கதவை மூடியதால் வாய்க்கால் காய்ந்திருக்கிறது. குளம் வற்றிவிட்டது என்று நினைத்துத் துருசைத் திறந்தவனை என்ன சொல்லுவீர்கள்? 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு இழுத்த சனம் உண்டு. அந்தப் பழக்கம் இன்னும் சில பேரிடம் நிற்கிறது. குளிசை ஒத்துவரவில்லை என்றால், இருமல், கால் வீக்கம், தலைச்சுற்று என்றால், போய்ச் சொன்னால் மாற்றித் தருவார்கள். சொல்லாமல் நிறுத்துவதுதான் பிழை. இன்னொன்று: வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிற நாளில் எல்லாக் குளிசையையும் விட்டுவிட்டுப் போகிற வழக்கம். சீனிக் குளிசையைச் சாப்பாட்டோடு தள்ளிப் போடச் சொல்லுவார்கள், சரி. பிறசர் குளிசையைத் தண்ணியோடு போட்டுக்கொண்டு போகலாமா என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். போடாமல் போனால் அங்கே அளவு கூடிக் காட்டும், மருந்தைக் கூட்டிவிடுவார்கள்.

நோக் குளிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்று நடுகையிலும் அறுவடையிலும் நாரி நோவுக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கி மிட்டாய் மாதிரிப் போடுகிறோம். அது பிறசரைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும், மாரடைப்பின் ஆபத்தையும் ஏற்றும். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் என்ன பாடு படுத்துகிறது என்று தெரிந்தும் இதைச் செய்கிறோம். பிறசர்க்காரருக்கும் சீனிக்காரருக்கும் டொக்டரைக் கேளாமல் அந்தக் குளிசை கூடாது.

சாப்பாட்டைப் பற்றிக் கனக்க எழுத மாட்டேன். எங்கள் அடுப்படியில் நான் ஒரு சொல் சொன்னாலே மனிசி அகப்பையைத் தந்துவிடுவா. உப்பு ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி மட்டம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே கோப்பையில் விழுந்தால் அந்தத் தேக்கரண்டி மத்தியானத்திலேயே முடிந்துவிடும். கருவாடு வேண்டாம் என்று ஆர் சொன்னாலும் வன்னியில் எடுபடாது. கருவாட்டை ஊற வைத்துக் கழுவி, கறிக்கு உப்புப் போடாமல் விடலாம். தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஆறு குடிக்கிறவர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் பன்னிரண்டு கரண்டி. ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ என்று கடைக் கொப்பியே சொல்லும். சோடாப் போத்தல்களில் 2016 இலிருந்து நிறப் பொட்டு இருக்கிறது, சிவப்பென்றால் சீனி கூட. முருங்கையிலையும் வல்லாரையும் குரக்கனும் தவிட்டரிசியும் வேலிக்குள்ளும் வயலுக்குள்ளும் கிடக்கின்றன. அவை வறுமைச் சாப்பாடு என்று எப்போது ஒதுக்கத் தொடங்கினோம் என்று எனக்கு விளங்கவில்லை.

கமக்காரனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று சிரிப்பார்கள். நான் தபால் கொண்டு திரிந்த காலத்தில் வயல்காரன் மாட்டுக்குப் பின்னால் நாள் முழுக்க நடந்தான். இப்போது உழவு லாண்ட்மாஸ்டர், வெட்டு மெசின், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள், கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். வருசத்தில் சில கிழமை முறிந்து வேலை, மிச்ச மாதமெல்லாம் மதகில் இருந்து கதை. கிழமைக்கு 150 நிமிசம், மூச்சுக் கொஞ்சம் வாங்கத் தக்கதாக நடக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சைக்கிளை வெளியில் எடுத்தாலே போதும்.

ஆனால் 'நடவுங்கள்' என்று மட்டும் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தை எங்கள் ஊர்களில் கொடுக்கிற அதிகாரிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். கால் இல்லாதவர்களும், முள்ளந்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இந்த நிலத்தில் எத்தனை பேர்? அவர்களுக்கும் நெஞ்சு இருக்கிறது, அசையாமல் இருப்பதால் ஆபத்தும் கூட இருக்கிறது. கையால் செய்கிற பயிற்சியை அவர்களுக்குக் காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். சங்கத்தில் நாற்காலிக்காரரை வாசலில் விட்டுவிட்டு மேசையை உள்ளே போடாதீர்கள். பட்டியை அவரிடம் கொண்டுபோங்கள்.

மனச்சுமை என்று அந்த ஆய்வில் ஒரு சொல் வந்ததே. 2009 ஐத் தாண்டி வந்த சனத்துக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. நித்திரை வராத இரவுகள், காணாமல் போன பிள்ளையின் படம், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற கடன்காரன். இதற்குப் பிறசர் மெசினில் மருந்தில்லை. ஆனால் நித்திரை இல்லை என்று ஒரு மனிசன் கூட்டத்தில் வாய் திறந்தால் பகிடி பண்ணாமல், மாவட்ட வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆள் கோயில் ஐயர். ஏனோ அவரிடம்தான் சொல்லுகிறார்கள்.

இனி நெஞ்சுநோ வந்தால் செய்யவேண்டியது. இதைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் பெயின்ற் அடித்து எழுதுங்கள். நெஞ்சின் நடுவில் பாரம், அமத்தல், எரிவு. கைக்கு, தாடைக்கு, முதுகுக்குப் பரவுதல். வேர்வை, ஓங்காளம், மூச்சு முட்டல். பத்துப் பதினைந்து நிமிசம் நின்றால் அது வாய்வு என்று முடிவெடுக்க உங்களுக்கும் எனக்கும் அதிகாரம் இல்லை. பொம்பிளையளுக்கும் சீனிக்காரருக்கும் சில வேளை நோவே இல்லாமல் வெறும் களைப்பாகவும் மூச்சு வாங்கலாகவும் வரலாம். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிற அக்காமாரும் இதில் ஏமாறுகிறார்கள். 1990 க்கு அடியுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்குக்கு வந்த அந்த அம்புலன்ஸ் இலவசம். ஆளை நடக்க விடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தாதீர்கள். 1990 இல் கதைக்கிறவர் அஸ்பிரின் சப்பச் சொன்னால் சப்பக் கொடுங்கள். அஸ்பிரின் ஒவ்வாதவர், வயிற்றுப் புண்ணில் இரத்தம் போனவர் என்றால் அதையும் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். நெஞ்சுக்காக அஸ்பிரினை நாளாந்தம் தானாகப் போடத் தொடங்குகிறதும் கூடாது.

நேரே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வாகனம் பிடிப்போம் என்று சொல்லுகிற ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்குக் கிட்ட. முல்லைத்தீவுக் கரையிலிருந்து என்றால் நூறைத் தாண்டும். கிட்ட உள்ள ஆசுப்பத்திரியில் ஈசிஜி எடுத்து, முதல் மருந்தைக் கொடுத்து, தேவையான இடத்துக்கு அவர்களே அறிவித்து அனுப்புவார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி 12 மணித்தியாலம் வரை போடலாம் என்றாலும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போட்டால்தான் நெஞ்சுத் தசை கூடுதலாகத் தப்பும். முதல் ஈசிஜி நல்லதாக இருந்தாலும் நோ நின்றால் வீட்டுக்கு வரவேண்டாம். திருப்பி எடுப்பார்கள், நெஞ்சுத் தசை பழுதானால் இரத்தத்தில் கூடுகிற ரொபோனின் என்ற பொருளையும் பார்ப்பார்கள். ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுந்தால் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, நிமிசத்துக்கு 100 இலிருந்து 120 தரம், ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமத்தவேண்டும், அம்புலன்ஸ் வரும்வரை. செஞ்சிலுவைச் சங்கத்தார் முதலுதவி பழக்குவார்கள். பெட்டி தூக்கப் பழகின தோள்களுக்கு இது பாரமில்லை.

யாப்பில் இல்லையே என்று ஒரு தலைவர் எனக்குச் சொன்னார். யாப்பில் 'அங்கத்தவர் நலன்' என்று ஒரு வரி எல்லாச் சங்கத்திலும் இருக்கும், தேடிப் பாருங்கள். காசு இல்லை என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் காசு அனுப்புகிற கனடாத் தம்பிமார் ஒரு பிறசர் மெசினுக்கு மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். எங்களுக்கு ஒருவர் இரண்டு அனுப்பினார். ஒன்றுக்குக் கோயிலின் பெயரை ஒட்டவேண்டும் என்று கேட்டார், ஒட்டிவிட்டோம். வைகாசியில் வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கும் பங்குனியில் புளியம்பொக்கணைக் கோயில் பொங்கலுக்கும் தண்ணீர்ப் பந்தல் போடுகிற ஊர்கள், சர்பத் வாளிக்குப் பக்கத்தில் இந்த மேசையையும் போட்டால் இன்னும் நல்லது.

எங்கள் சங்கத்தில் ஏழு கூட்டங்களாக மேசை போடுகிறோம். கோட்டைத் தாண்டின சில பேர் துண்டோடு போய்க் குளிசை தொடங்கியிருக்கிறார்கள். சில பேர் துண்டை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்; அவர்களின் மனிசிமாருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சின்னச் சிக்கல். மெசினுக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் நாலு பற்றறி வேண்டும். எங்கள் கணக்குக் கொப்பியில் செலவுத் தலைப்பெல்லாம் பெட்டியும் பந்தலும் பறையும்தான். பற்றறிக் காசை இப்போதைக்குச் 'சிகரெட்' என்று அச்சடித்த நிரையில், அந்தச் சொல்லை வெட்டிவிட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். கணக்குப் பரிசோதகர் கேட்டால் என்ன சொல்லலாம் என்று தெரிந்த பொருளாளர்மார் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சி மாவட்டத்து மரண உதவிச் சங்கப் பொருளாளர் ஒருவர்